'வெற்றி' என்று திருப்பும்

மார்ச் 4, திங்கள்
பதினாறு வருட அனுபவத்துக்கு இன்று கிடைத்த வேலை: குறிப்பு எழுதுவது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸுக்குச் செய்தி போகும். அந்த மென்பொருள் எங்களுடையது. மற்ற நிறுவனங்கள் தங்கள் கருவிகளை அதனோடு இணைக்க இருநூற்றுப் பதினான்கு கட்டளைகள் கொடுத்திருக்கிறோம். அது என்ன செய்யும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இருப்பவை வெட்கக்கேடு.

மேலாளர் (எதற்கெடுத்தாலும் 'ஆகட்டும்' என்பதால் எங்களுக்குள் அவர் பெயரே அதுதான்) சொன்னார்: "சும்மா கமெண்ட்தானே, ஒரு வாரத்துல முடிச்சிடுவீங்க."

சும்மாவாம்!

மார்ச் 5, செவ்வாய்
'செய்தி அனுப்பு' என்று ஒரு கட்டளை. அதன் மேல் குறிப்பு: 'செய்தியை அனுப்பும்.' அடடா, என்ன ஞானம்! யாருக்கு, எப்போது, போகாவிட்டால் என்ன ஆகும் — ஒரு மண்ணும் இல்லை. எழுதியவர் எங்கள் குழுவின் பழைய ஆள், நாங்கள் 'தாடி' என்று கூப்பிடுபவர். மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டேன். "அப்ப அவசரம்" என்றார். எட்டு வருடமாகவா அவசரம்?

மார்ச் 8, வெள்ளி
குறிப்பை நம்பாமல் நிரலையே வரி வரியாகப் படித்தேன். 'செய்தி அனுப்பு' கட்டளை 'வெற்றி' என்று திருப்பித் தருவது செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அல்ல, அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் போட்டதற்கு. இணைய இணைப்பு இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் அங்கே கிடக்கும். பிறகு சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

எழுதினேன்: 'வெற்றி என்றால் போய்ச் சேர்ந்தது என்று பொருள் அல்ல. செய்தி தொலையக்கூடும்.'

மார்ச் 11, திங்கள்
என் இரண்டு வரிகளையும் காணோம். ஆகட்டும் அழித்திருக்கிறார். "தொலையும்னு நாமளே எழுதிக் கொடுத்தா எவன் வாங்குவான்?" திரும்பச் சேர்த்தேன்.

மார்ச் 12, செவ்வாய்
அழித்திருக்கிறார். சேர்த்தேன்.

மார்ச் 13, புதன்
கருவி செய்யும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். அவளும் நிரல் எழுதுபவள்தான். குரல் சரியில்லை.

"மேடம், வெற்றின்னு வந்தா நர்ஸுக்குப் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? அத வச்சுத்தானே நாங்க பொத்தான்ல பச்சை விளக்கு எரிய விடறோம்?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது. ஆள் வருகிறது என்று நம்பி நான்கு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். மறுபடி அழுத்தக்கூட இல்லை. பச்சைதான் எரிந்துவிட்டதே! இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர் இருக்கிறது.

"குறிப்புல அப்படி ஒண்ணும் போடலையே மேடம்?"

வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் விழுந்தார். நடுவுல நான் என்ன கிழிச்சேன்? அழகா ரெண்டு வரி எழுதிட்டு, வீட்டுக்குப் போய்த் துணி மடிச்சேன். ஒரு ஃபோன் — ஒரே ஒரு ஃபோன் — பண்ணத் தோணலையே எனக்கு?

மார்ச் 14, வியாழன்
கூட்டம். "அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா நாம என்ன பண்றது?" என்றார் ஆகட்டும்.

கத்திவிட்டேன். "புரியற மாதிரி நாம எழுதவே இல்லையே சார்! எழுதினதையும் ரெண்டு தடவை அழிச்சீங்க. இன்னொரு தடவை அழிச்சா ஒவ்வொரு கம்பெனிக்கும் நானே ஃபோன் போட்டுச் சொல்வேன். வேலை போனாப் போகட்டும்!"

தாடி எழுந்தார்: "அது நான் எழுதினது. சோதனைக்குன்னு எழுதி அப்படியே விட்டுட்டேன். மூணு வாரம் கொடுங்க, திருத்திடறேன். அதுவரைக்கும் இவங்க எழுதின வரி இருக்கட்டும்."

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து 'ஆகட்டும்' வர இவ்வளவு நேரம் பிடித்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி
எங்கள் மென்பொருளோடு இணைத்திருக்கும் பதினேழு நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது. போனால் போதுமா? பதினேழு பேருக்கும் ஃபோன் செய்து, படித்துவிட்டார்களா என்று கேட்டேன். தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 9, செவ்வாய்
தாடி திருத்திய நிரல் இன்று வெளியானது. குறிப்புக்கான இடத்தை வெறுமையாக விட்டு, "நீங்களே எழுதுங்க" என்று அனுப்பியிருந்தார். எழுதினேன்:

'நர்ஸின் கருவி பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகே வெற்றி என்று திருப்பும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி. தோல்வியை நோயாளிக்குத் தெரியும்படி காட்டவும்.'

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். "படிச்சேன் மேடம். கேக்க ஒண்ணுமில்ல" என்றாள்.

பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தடி ஊனி நாலு அடி நடக்கறாராம். பொத்தானை மட்டும் கழுத்துல மாட்டிக்க மாட்டேங்கறாராம். எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டாங்க."

நானாக இருந்தாலும் மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.