சாக்குருவியின் முகம்

பொகவந்தலாவை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விஜிதரன் அண்ணனுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் இந்த ஒற்றைக் காம்பரா வீட்டில் அப்பாவின் காதில் விழும்; அவரைத் தனியே விட்டு வெளியே போய்ப் பேசவும் பயம். மெசேஜ் எழுதினால் அழித்து அழித்துப் பொய்யாக்கிவிடுகிறேன். அதனால் நாளை கத்தாருக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு நிரோஷனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா இதய ஆப்பரேஷனுக்கு வரமாட்டேன் என்கிறார். வரும் திங்கட்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. இதை விட்டால் அடுத்த திகதி வரைக்கும் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் மறுப்பதற்குக் காரணம் நான்தான்.

என் கமராப் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். நம் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள காட்டில் சாக்குருவி இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று மாதமாக அலைந்தேன். அது கத்தினால் சாவு விழும் என்பார்கள். ஒரு பெரிய ஆந்தைதான் என்று பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். பொறுமை போய், ஞாயிறு சாயங்காலம் அதன் குரல் பதிவைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். பொம்பளை அலறுவது போல இருக்கும். மூன்றாவது தடவை, இறக்கைச் சத்தம்கூட இல்லாமல் எதிர்க்கிளையில் வந்து உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தது. மூச்சை அடக்கிப் படம் எடுத்தேன்.

கீழே லயத்துக்குக் கேட்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்தால், அப்பா ஆஸ்பத்திரித் திகதி எழுதிய கிளினிக் கொப்பியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா போவதற்கு முதல் நாளும் அது கத்தியதாம்.

உண்மையைச் சொன்னேன். ஸ்பீக்கரைப் போட்டும் காட்டினேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். வெறும் ஆந்தைதான் என்று நிரூபிக்கப் படத்தையும் நீட்டினேன். வேண்டாத வேலை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உன்னையத்தானே பாக்குது?" என்று கேட்டார்.

பிறகு, "கூப்பிட்டு வந்தது வெறுங்கையோட போகாது புள்ள. நான் பொழச்சுக்கிட்டா அது உன்னையத்தான் தேடும். நானே போயிர்றேன்" என்றார். அன்றிலிருந்து மாத்திரையும் விழுங்குவதில்லை.

அழுதேன், சண்டை போட்டேன், படத்தை அழித்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

அண்ணா, உங்கள் சொல்லை அவர் தட்டியதில்லை. இது கிடைத்த கையோடு அவருக்குப் போன் எடுங்கள். சாக்குருவி பொய் என்று வாதாடாதீர்கள். நிலக்ஷிக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போது என் குரல் நடுங்குவதை அவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

முருகன் நம் மூவரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
நிலக்ஷி