தலைப்பிரசவத்துக்கு வராதே

விருத்தாசலம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெனிபருக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது. எழுதவில்லை. போனில் சொன்னால் அம்மா காதில் விழும். மங்கலம்பேட்டை ரயீஸ் தம்பி லீவு முடிந்து நாளை தோஹா திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் கொரோனாவில் அவள் ஆக்சிஜனில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் கோணாங்குப்பம் மாதா கோயிலுக்கு நடந்தே கூட்டிவருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நேர்ந்தது நான், நடக்க வேண்டியது அவள். பிழைத்தாள். பழைய ஆளாக எழவில்லை. ஒரு குடம் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை. பேச்சு நடுவில் வார்த்தை மறந்துபோகும். பொம்மைக் கம்பெனியில், கண் எழுதி முடித்த பொம்மைக்கே மறுபடி கண் எழுதியிருக்கிறாள். கூட வேலை செய்யும் அன்புக்கரசி, அக்கா உங்க பொம்மைக்கு மட்டும் கண்ணாடி போட்டு வுட்டுடலாமா என்று கிண்டல் செய்தாளாம். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இங்கே எடுத்த டெஸ்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேர்த்திக்கடன் நிற்கிறது, அதனால்தான் என்று நான் நினைத்தேன். சும்மா படுத்துக்கிட்டே கெடந்தா ஒடம்பு அப்படித்தான் இருக்கும், எந்திரிச்சு நட என்றும் சொன்னேன். இந்த ஜனவரித் திருவிழாவுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். நடந்துவிட்டாள். கோயில் வாசலில் நின்று, பாத்தீங்களா, ஒங்களுக்குத்தான் மூச்சு வாங்குது என்று என்னைக் கேலி செய்தாள். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. ஈஸ்டர் வரை அப்படியே. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னோம்.

பாண்டிச்சேரியில் பானுமதி என்று ஒரு டாக்டரம்மாதான் இதற்கு லாங் கோவிட் என்று பெயர் சொன்னார். தீர்க்கிற மருந்து இன்னும் இல்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்று இவளிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், எந்த வேலை எத்தனை நாள் படுக்கவைத்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், மிஞ்சிச் செய்தால் இருப்பதும் போய்விடும் என்றார். யாருங்க இவங்கள அவ்ளோ தூரம் நடக்க வச்சது என்று கேட்டார். நானாத்தான் நடந்தேன் டாக்டர், இவரு வேணாம்னுதான் சொன்னாரு என்றாள் உன் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன்னோடு பத்து நிமிஷம் சிரித்துப் பேசுவதற்காக, சனிக்கிழமை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசாமல் படுத்திருக்கிறாள். திங்கள், செவ்வாய் கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். அம்மா நல்லாத் தேறிட்டாங்க, தலைப்பிரசவத்துக்கு அங்கதாம்பா வருவேன் என்று நீ சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தேன். தலையாட்டினேன். அன்றிலிருந்து மூன்று கிலோ அரிசியைப் பழைய துண்டில் கட்டி, மடியில் வைத்துத் தூக்கிப் பழகுகிறாள். குழந்தை அவ்வளவுதான் இருக்குமாம். அதை நோட்டில் எழுதுவதில்லை. நேற்று கை நழுவி மூட்டை அவிழ்ந்து கொட்டிவிட்டது. குனிய முடியாமல் அரிசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜெனிகிட்ட சொல்லிடாதீங்க என்றாள்.

சொல்லிவிட்டேன். வராதேம்மா. நீ வந்தால் அவள் படுக்க மாட்டாள், தண்ணீர் காய்ச்சுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், யார் தடுத்தாலும் கேட்க மாட்டாள். அப்புறம் எழவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. மகளைத் தாய்வீட்டில் பிள்ளை பெற விடாத அப்பன் என்று ஊர் பேசினால் பேசட்டும். ரயீஸின் மனைவி நாஜியா அங்கேதான் இருக்கிறாள், நாற்பது நாளும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். பிரசவ லேகியத்துக்கான சாமான் பொட்டலத்தில் இருக்கிறது, எப்படிக் கிளற வேண்டும் என்று அதன்மேல் எழுதியிருக்கிறேன்.

உன் வயிறு குளிர, தாயும் பிள்ளையும் இரு உயிராக நல்லபடி பிரிய, மாதா துணையிருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வை. அம்மாவிடம் நீயாகச் சொல்வதுபோலச் சொல். அங்குள்ள டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றார் என்று சொல். பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தன்னால் முடியாததால்தான் மகள் வரவில்லை என்று அவளுக்குத் தெரியக் கூடாது. சொல்லும்போது அழாதே. நீ அழுதால் உன்னைத் தேற்றுவதற்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

உன் அப்பா,
ஞானதாஸ்