முகம் புதைக்கும் பெட்டி

15-9-1996, ஞாயிறு

மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புது வீடியோ கேம் பெட்டியை இன்று கடையில் வைத்தோம். இதற்கு டிவி கிடையாது. முகத்தை உள்ளே புதைத்துத்தான் ஆட வேண்டும். படம் முழுக்கச் சிவப்பு. "ஜங்ஷனே திரண்டு வரும் அத்தான், பாருங்க" என்றான். திரண்டுதான் வந்தார்கள்.

எங்கள் கடையில் ஒருத்தன் டிவியில் ஆடினால் பத்துப் பேர் பின்னால் நின்று பார்த்துக் கத்துவார்கள். கூட்டம் வருவதே அதற்குத்தான். இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

தினமும் வரும் இசக்கி, புதைத்த முகத்தை எடுக்காமலே, "ஜெயிச்சிட்டேம்லே!" என்றான்.

அவனோடு பந்தயம் கட்டியிருந்த சுடலை, "எவம்லே பாத்தான்? பொய்தாம்லே சொல்லுதான்!" என்று பிடரியைப் பிடித்து முகத்தைப் பெட்டியோடு மோதினான். மூன்று தடவை. மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஸ்டூலைத் தூக்கிச் சுடலையின் முதுகில் அடித்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன்.

இருவரும் ஆஸ்பத்திரியில். "பெட்டிக்கு ஒண்ணும் ஆகல அத்தான், நாளைக்கும் வைப்போம்" என்கிறான் மச்சான்.

பெட்டியைத் துணியால் துடைத்தேன். ஓடுகிறதா என்று நானே முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. எது படம், எது இசக்கி ரத்தம் என்று தெரியவில்லை. முகத்தை எடுத்தபோது என் மூக்கு நுனி ஈரமாக இருந்தது.