கல்யாண வீட்டில் நீங்கள் சொன்ன சொல்

சம்பந்திக்கு,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் மகள் வயிற்றுப் பேரன் ஆரோக்கியத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பங்குச் சாமி வாசிக்கும்போது நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்துக்காரனுடைய அம்மாச்சி இவள்தான் என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான். சாமி அந்தத் தாளை மடித்து வைத்தார். வைத்த கையோடு, "கார்கில் மலையில் சண்டையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்காக மன்றாடுவோம்" என்றார். சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. பக்கத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் திங்கட்கிழமை தந்தி வந்தது. லீவு ரத்து, உடனே வந்து சேர். வியாழக்கிழமை ரயில் ஏற வேண்டும். ஓலை இன்னும் இரண்டு பாக்கி, கல்யாணத்துக்கு மூன்று வாரம் பாக்கி. பிஷப் மேற்றிராணியாரிடம் சொல்லி மீதி ஓலைக்கு விலக்கு வாங்கிவிடலாம், புதன்கிழமை காலையிலேயே கல்யாணத்தை முடித்து அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. எழுப்பியதே நான்தான் என்றால் நீங்கள் நம்புவீர்கள். என்னை உங்களுக்குத் தெரியாதா.

அப்புறம் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் என் மகள் லூர்துக்கும் உங்கள் மூத்தவன் செபஸ்திக்கும் ஓலை வாசித்தார்களே, அது வந்து நெஞ்சில் நின்றுகொண்டது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியது. இரண்டோடு நின்றுபோனது.

அந்த வருஷமும் இப்படித்தான். செபஸ்தி லீவில் வந்திருந்தான். கிறிஸ்துமசுக்கு முந்தைய ஆகமன காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். இரண்டாவது ஓலை வாசித்த வாரத்தில் அவனுக்குத் தந்தி. பாகிஸ்தானோடு சண்டை வரும்போல இருக்கிறது, திரும்பி வா என்று. நாலு நாள் இருந்தது. புதன்கிழமை கல்யாணம் என்று முடிவு செய்து நான் முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் கொத்தமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினீர்கள். தலையில் போட்ட முந்தானையைக்கூட எடுக்கவில்லை.

"சம்பந்தி, உலக்கையக் கீழ வைங்க. புதன்கிழமை கல்யாணம் வேணாம்."

"ஏன், சீர் பத்தலையா?" என்றேன். என் புத்தி அதற்கு மேல் போகவில்லை.

"அவன் திரும்பி வரலைன்னா உங்க புள்ள என்ன செய்யும்?"

கூட இடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"கல்யாண வீட்டுல வந்து அச்சானியமாப் பேசுறீகளே. அதுவும் பெத்த தாயி."

"பெத்தவ நான் பேசலைன்னா வேற யாரு பேசுவா? ரேடியோக்காரன் பேசுவானா?" என்றீர்கள். பிறகு மாவு சிந்திய தரையிலேயே உட்கார்ந்து உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள். சீனாச் சண்டைக்குப் போனவர், பனியில் கால்விரல் பத்தையும் கொடுத்துவிட்டு வந்தவர். "தோத்தோம், ஜெயிச்சோம்னு ரேடியோவுல சொல்லுவாக. என் தம்பி கால்ல செருப்பு நிக்கலைங்குறத எந்த ரேடியோ சொல்லுச்சு? வீட்டுக்குள்ள பத்து அடி நடந்தா ரெண்டு தடவ செருப்பக் குனிஞ்சு எடுக்குறான். அவன் பொண்டாட்டி இன்னைக்கும் பாக்காத மாதிரி அங்குட்டுத் திரும்பிக்கிறா. எம் மகன் நல்லபடியா வரட்டும், நானே பந்தல் போடுறேன். வராட்டி, இருபது வயசுல உங்க புள்ள விதவையா நின்ன பழி எனக்கு வேணாம்."

நான் உங்களை வாசல்வரை வந்துகூட அனுப்பவில்லை. வேறு பணக்கார இடம் கிடைத்திருக்கும், அதற்குத்தான் இந்த நாடகம் என்று பேசினேன். லூர்திடம், மூன்றாவது ஓலை வாசிக்காமல் கல்யாணம் செய்ய முடியாது என்று சாமி சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன். செபஸ்தி போகும்போது கோயில் வாசலில் நின்று எங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொன்னான். அவளுக்கும் சேர்த்துப் பொதுவாகத்தான் சொன்னான்.

டிசம்பர் முடிவதற்குள் சண்டையும் முடிந்தது, ஜெயித்தோம் என்று தெருவெல்லாம் வெடி போட்டார்கள். வெடிச்சத்தம் அடங்கி ஐந்தாறு நாள் கழித்து உங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது.

இப்போது சடலத்தைப் பெட்டியில் வைத்து, கொடி போர்த்தி, ஊருக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் சம்பந்தி. டி.வி.யில் தினம் காட்டுகிறார்கள். உங்களுக்கு அதுவும் இல்லை. அங்கேயே முடித்துவிட்டோம் என்றார்கள். பெட்டி இல்லாமல் பூசை நடந்தது. அந்தத் துக்க வீட்டுக்கு வந்துதான் நான் அதைச் சொன்னேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன். "அன்னைக்கு வாய் வச்சீகளே, உங்க வாய்தான் புள்ளையத் தின்னுருச்சு."

நீங்கள் என்னை ஏறிட்டுப் பார்த்தீர்கள். பக்கத்தில் இருந்தவளிடம், "சம்பந்திக்குக் காப்பித்தண்ணி குடு, வெயில்ல வந்திருக்காக" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷம் நான் உங்களோடு பேசவில்லை. லூர்துக்கு வேறு மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், அமைந்தபோது உங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலம் பின்கட்டுக்குப் போனால் சமையல்காரர்களோடு உட்கார்ந்து நீங்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இங்க என்ன செய்யிறீக?"

"வெங்காயம் உரிக்கிறேன். கல்யாண வீட்டுல யாரும் எதுவும் கேக்காத இடம் இதுதான் சம்பந்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா வெங்காயம் உரிக்கிறாள் என்று ஊரே சிரித்தது. அன்றைக்குச் சேர்ந்த சேர்க்கை, இருபத்து நாலு வருஷம். என்ன உறவு என்று கேட்பவர்களிடம் "சம்பந்தி" என்போம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெண் என்று அவர்கள் கணக்குப் போட்டுத் திண்டாடுவார்கள். "அது கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சுப் பதிஞ்ச சம்பந்தம்யா, அழிக்க முடியாது" என்பீர்கள்.

சந்தைக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில் இறங்கிப் பேப்பர் வாசிக்கச் சொல்வீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு என்ற பெருமையில் உரக்க வாசிப்பேன். எல்லையில் சுட்டுக்கொண்டார்கள், நம் பக்கம் இத்தனை பேர் என்று வந்தால், "அந்தப் பக்கம்?" என்பீர்கள். போடவில்லை என்பேன். "எண்ணத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிப்பீர்கள். ஆரோக்கியம் பட்டாளத்தில் சேர்ந்து முதல் முதலாகச் சீருடையில் வந்தபோது ஊரே அவனைத் தோளில் தட்டியது. நான் தரையில் நடக்கவில்லை. நீங்கள் மட்டும், "அங்க காலுக்கு என்னடா குடுப்பாக?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பூட்ஸைக் கழற்றிக் காட்டினான். உள்ளே கையை விட்டு, கம்பளி எவ்வளவு கனம் என்று தடவிப் பார்த்தீர்கள்.

நீங்கள் கண் மூடிய இந்த இரண்டு வருஷத்தில் என்னென்னவோ ஆகிவிட்டது. போன வருஷம் நாம் அணுகுண்டு வெடித்துக் காட்டினோம், அவர்களும் வெடித்துக் காட்டினார்கள். இனி சண்டை பெரிதானால் அது எல்லையோடு நிற்காது என்கிறார் மருமகன். ஊரோடு போகுமாம், பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தானாம். டீக்கடையில் கேட்டால், இந்தத் தடவை விடக்கூடாது, லாகூர்வரைக்கும் போய்விட வேண்டும் என்கிறார்கள். போகிறவன் யார் என்று சொல்வதில்லை. என் சொந்த மகன், பட்டாளம் எந்தத் திசை என்று தெரியாதவன், "ஒரே போடாப் போட்டு முடிச்சிரணும்மா" என்கிறான். "நீ போடுறியாடா?" என்று கேட்டேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெண் வீட்டாரும் வந்துவிட்டார்கள். புதன்கிழமைக்கு அவர்களும் சரி என்றார்கள். பெண்ணைப் பெற்றவள் மட்டும் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று நீங்கள் சொன்ன அந்தச் சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளால் சொல்ல முடியாது. பெண் வீட்டுக்காரி சொன்னால் சாபம் என்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

அடுப்படியில் லூர்தைத் தனியாகப் பிடித்தேன். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு, இப்போதுதான் சொல்கிறேன்.

"அன்னைக்கு உன் கல்யாணத்த நிறுத்துனது சாமியில்லடி. செபஸ்தியோட அம்மாதான்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவுகளே சொன்னாக. எனக்குக் கல்யாணம் ஆன மறுமாசம் வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாக."

"எதுக்கு? அவுக செஞ்சது உனக்கு நல்லதுதானே."

"உங்கிட்ட வந்து கேட்டத எங்கிட்டல்ல கேட்டிருக்கணுமாம். கட்டிக்கப்போறவ நீதானே, உங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டேனேன்னாக."

எனக்கு இது தெரியாது சம்பந்தி. இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டீர்கள், ஒரு நாள் சொன்னீர்களா?

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன்.

லூர்து அடுப்பைத் தணித்தாள். "கட்டிக்கிறேன்னு சொல்லியிருப்பேன். தப்பாத்தான் போயிருக்கும். ஆனா அவரு செத்த சேதி வந்த அன்னைக்கு நான் உள்ள உக்காந்து அழுதிருக்கலாம். நீ என்னைய அந்த வீட்டுக்குக் கூட்டிட்டே போகலையே. தனியா மாட்டுக்கொட்டகையில நின்னேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நான் காரைக்குடி போனேன். பெண், ஸ்டெல்லா, அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். மாடிக்கு ஏறினால் இருபது மிஷின் ஒரே நேரத்தில் தட்டுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னேன்.

"நாளைக்குக் கல்யாணம்னு எல்லாரும் சொல்லுறாக. உங்கிட்ட யாரும் ஒண்ணு சொல்லியிருக்க மாட்டாக. அவன் திரும்பி வராமலும் போகலாம். கையோ காலோ இல்லாம வரலாம். எம் பேரன், நான் சொல்லுறேன். இதத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன வேணும்னாலும் சொல்லு. நான் உம்பக்கம் நிப்பேன்."

என் நாக்கு அறுந்து விழவில்லை. அந்தச் சொல்லுக்கு இத்தனை வருஷம் பயந்திருந்தேன்.

அவள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள். "தந்தி யாருக்கு வரும் அம்மாச்சி?"

"அவன் அப்பாவுக்கு."

"கல்யாணம் ஆயிருந்தா?"

"உனக்கு."

ஒரு தாளை மிஷினிலிருந்து உருவி, மடித்து, மறுபடி பிரித்தாள். "கையில்ல, காலில்லன்னாலும் வரட்டும், கட்டிக்கிறேன். அதுல எனக்குப் பயமில்ல. ஆனா ரெண்டு நாள்ல அவசரமா வேணாம். மூணு ஓலையும் வாசிச்சு, அவரு வந்து நிக்கட்டும்." குரல் அங்கேதான் உடைந்தது. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு மூணாம் மனுசங்க மூலமாத் தெரியக் கூடாது. நீங்க வந்து சொல்லணும். உங்க வீட்டுக்கு வந்து நான் உக்காரலாமா? ஒரு ஓலைதானே வாசிச்சிருக்கு, எந்த உரிமையிலன்னு கேட்டா?"

"எனக்கு ஒரு சம்பந்தி இருந்தாக. ரெண்டே ஓலையில சாகுறவரைக்கும் சம்பந்தியா இருந்தாக. உனக்கு ஒண்ணு போதும்" என்றேன்.

புதன்கிழமை கல்யாணம் நின்றதில் ஆரோக்கியத்துக்குக் கோபம். ரயில் ஏறும்வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "என்னைய நம்பலையா அம்மாச்சி?"

"உன்னைய நம்புறேன்டா. சண்டையத்தான் நம்பல." சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஸ்டெல்லா அவனோடு பிளாட்பாரத்தில் தனியாக நின்று பேசினாள். யாரும் தடுக்கவில்லை. லூர்து அவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, வேறு யாரும் அங்குட்டுப் போகாதபடி நின்றாள்.

அவன் போய் நாலு நாளாகிறது. மலை மேல் ஏற்றிவிட்டார்களா, அடிவாரத்தில் இருக்கிறானா தெரியவில்லை. உங்கள் வாயைப் பற்றி அன்று நான் சொன்னதற்கு நீங்கள் இருக்கும்போது ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. என் பெருமை விடவில்லை. நீங்களும் கேட்கவைக்கவில்லை. இப்போது எழுத்தில் கேட்கிறேன், என் எழுத்து கோணலாக இருந்தாலும்.

அந்த இன்ஸ்டிடியூட் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. என் முட்டிக்கு அது ஆகாது, மருமகனை அனுப்பலாம் என்பார்கள். அனுப்ப மாட்டேன். ஏற வேண்டிய நாள் வரக்கூடாது என்று காலையும் மாலையும் செபமாலை சொல்கிறேன். வந்துவிட்டால் நானே ஏறுவேன். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல முடியாததைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி வாசலுக்குத் தனியாகப் போவது எப்படி என்று எனக்குத் தெரியும் சம்பந்தி. ஒருத்தர் அப்படி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.