படுத்திருப்பவருக்கும் கூலி

மார்ச் 4, புதன்

மூன்றாம் பசுமைக்குடிலில் தக்காளி சிவந்துவிட்டது. நாளை முதல் பறிப்பு. பெட்டிக்கு இரண்டு பேர் என்று ஜோடி பிரித்தேன். என் நாத்தனாரை யாரும் ஜோடியாகக் கேட்பதில்லை. மூச்சிரைப்பு உள்ளவள், ஆற அமரத்தான் பறிப்பாள். அதனாலேயே அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர். வைத்தவள் நான். அவளுக்கு ஜோடியும் நான்தான். மேஸ்திரி நான்; என் பெட்டி நிறையவில்லை என்று சொல்ல இங்கே யாருக்கு வாய் வரும்?

மார்ச் 11, புதன்

பக்கத்துத் தோட்டத்தில் நோய் புகுந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சும் பெரியவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். சொன்னால் கூலி போய்விடும் என்ற பயம். அவர் படுத்த கொட்டகையில் பாதிப்பேர் இப்போது ஆஸ்பத்திரியில். அவர் இன்று காலை இறந்துவிட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். சந்தைக்குப் போகும் வேனில் சன்னலோர இருக்கைக்காக என்னிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறார்.

எங்கள் கொட்டகையிலும் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. நாத்தனார் இருமுகிறாள். கேட்டால் தூசி என்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

இன்று இன்னும் நாலு பேருக்குத் தூசி. நேற்றுப் பெய்த மழையில் தோட்டமே சேறு.

மார்ச் 16, திங்கள்

விவசாய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். நோய்க்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களைக் காப்பாற்ற அரசாங்கம் பணம் தருகிறதாம். கை கழுவக் குழாய், படுக்கைகளுக்கு நடுவே தடுப்பு, வேனுக்கு இரண்டாவது நடை, முகக்கவசம். இதுவரைக்கும் முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். காய்ச்சல் கண்டவர் தனியே படுத்திருக்கும் நாட்களுக்கும் முழுக்கூலி, அதற்கும் பணம் உண்டு என்றதும் தலை நின்றுவிட்டது.

“படுத்துக் கிடக்கிறவனுக்குக் கூலியா? நாளைக்கே எல்லாரும் இருமுவாங்க. அது மட்டும் வேண்டாம்மா.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ. “ஐயா, குழாய் வெச்சா கை கழுவுவாங்க. தடுப்பு வெச்சா தள்ளிப் படுப்பாங்க. காய்ச்சல்னு யாரு வாயத் தொறந்து சொல்லுவா? கூலி போகாதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்லுவாங்க. பக்கத்துத் தோட்டத்துல ஆள் இல்லாம பழம் செடியிலயே அழுகுது.”

மனிதர் செத்ததற்கு அசையாதவர், பழம் அழுகுகிறது என்றதும் நிமிர்ந்தார். சரி, அதையும் கேட்கலாம் என்றார். போகும்போது அதிகாரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலாளியையே மடக்கிவிட்டாயா, இனி என் பாடு என்ன ஆவது என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 27, வெள்ளி

எல்லாம் வந்துவிட்டது. குடிலுக்குக் குடில் குழாய். கட்டில்களுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு. இனி ஆளுக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு பெட்டி, ஜோடி கிடையாது. பெட்டிக் கணக்கும் கிடையாது, நாள் கூலி. பழைய விதைக் கிடங்குக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, மின்விசிறி மாட்டிவிட்டார்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கான தனியறை அது. நம் ஆட்கள் அதற்கு அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள் – மாமியார் வீடு. உள்ளே போனால் எப்போது விடுவார்கள் என்று தெரியாதாம்.

அறையில் இருக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. போன வருடம் காய்ச்சல் வந்த ஒருத்தியை அன்றைக்கே மூட்டை கட்டவைத்து அனுப்பியதை யார் மறப்பார்கள்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது.

நாத்தனார் தனியே வந்து சொன்னாள். “நீங்க சொல்றத நம்புறேன் அண்ணி. அவரு குடுப்பாருன்னுதான் நம்பல.”

ஏப்ரல் 2, வியாழன்

அவளோடு சண்டை. வரிசையில் நின்றபடி முகத்தைச் செடிக்குள் புதைத்து இருமினாள். உதடு வெளுத்திருக்கிறது. நெஞ்சு பலவீனமான உடம்பு, இந்த நோய் வந்தால் உனக்குத் தாங்காது என்று கத்தினேன்.

“கூலி போனா மட்டும் தாங்குமா?”

புருஷன் இல்லாதவள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்தத் தண்ணீர் பாய்ச்சும் பெரியவர்தான் கண்ணுக்குள் நிற்கிறார். இவளும் அப்படிப் போயிடுவாளோ – ஐயோ, இத ஏன் எழுதுறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

எனக்கே காய்ச்சல்.

காலையில் எழுந்ததும் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடலாம், பறிப்பு உச்சத்தில் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. தலையணையை எடுத்து இடுக்கிக்கொண்டேன். வேனுக்காக எல்லோரும் நிற்கிற நேரம் பார்த்து, அவர்கள் எதிரிலேயே, தள்ளித் தள்ளி நடந்து விதைக் கிடங்குக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பின்னால் எட்டத்தில் தண்ணீர்ப் பானையோடு வந்தார். நிமிர்ந்து நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து சோதித்தார். அதே நோய்தான். அடித்துப் போட்டதுபோல் உடம்பு.

ஏப்ரல் 11, சனி

கூலி நாள். என் கூலியை எல்லோர் கண் எதிரிலும் கொடுங்கள் என்று முதலாளிக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன். கொடுப்பாரா? இல்லை, மேஸ்திரிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பாரா? காய்ச்சலைவிட அந்த யோசனைதான் என்னைப் படுத்தியது.

வந்தார். கவரைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். முழுக்கூலி. ஒரு நாளும் பிடிக்கவில்லை. நோட்டை வெளியே எடுத்து, வரிசையில் நின்றவர்கள் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். மேஸ்திரிக்குக் குடுப்பாரு, நமக்கெல்லாம் குடுப்பாரா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நோட்டைப் பிடித்த கை தானாக இறங்கிவிட்டது. அவ்வளவுதான், வீண் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் வாசலில் நாத்தனார். கையில் தலையணை.

“தூசி இல்ல அண்ணி. மூணு நாளா காய்ச்சல்.”

பளார் என்று ஓர் அறை விடலாமா என்று வந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் முடியாதபடி அவளுக்கு மூச்சு வாங்கியது. உடனே நர்ஸுக்குப் போன் போட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று நர்ஸ் வந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். ஆக்ஸிஜன் குறைவு. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் மறைத்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவளாக வந்தாள். யாரும் இழுத்து வரவில்லை. அவளாக வந்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

ஆம்புலன்ஸைப் பார்த்து மிரண்டு ஒளிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். இன்று மூன்று பேர் தலையணையோடு வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி குறட்டை விடுவாள் என்பது மட்டும்தான் குறை.

ஏப்ரல் 20, திங்கள்

நான் வெளியே வந்து இரண்டு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் குரல்தான். நலமா என்றேன். கூலி வந்துச்சா என்றாள். வந்தது, முழுசாக வந்தது என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுதால் என்ன, யார் கேட்க?

மே 18, திங்கள்

அடுத்த பறிப்புக்குப் புது ஆட்கள் வந்திறங்கினார்கள். தனியறை பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். போன வாரம் வேலைக்குத் திரும்பிய நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் சொல்றேன் என்று கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் ஏறினாள். எனக்குப் பயம், விழுந்துவிடப் போகிறாளே என்று.

“நான் மறைச்சேன். சாகக் கிடந்தேன். அப்புறம் சொன்னேன், பொழைச்சேன். கூலியும் வாங்கினேன், ஒரு ரூபா குறையல. யாருக்கு இருமல் இருக்கோ கையத் தூக்குங்க.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கை உயர்ந்தது. இவள் என் நாத்தனார், என் நாத்தனார் என்று அந்தப் புது ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் பின்னால் தனியே நின்ற முதலாளியைப் பார்த்தேன். அவர் கையும் தோளுயரத்துக்கு உயர்ந்திருந்தது. தொண்டை நேற்றிலிருந்து சரியில்லையாம். வீட்டில் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாளாம். அறையில் ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

“வாங்கய்யா, தாராளமா இடம் இருக்கு,” என்றாள் நாத்தனார். “உங்களுக்குத்தான் கூலி கிடையாது.”

முதலில் சிரித்தது அவர்தான். நான் போய் அறையின் சன்னல்களைத் திறந்து வைத்தேன்.