என் இடத்தில் நீ போட்ட கையெழுத்து

தம்பிக்கு,

என் மகள் ஜானிசின் இரண்டு வருட அறிவியல் டிப்ளோமாவுக்கு முதன்மைப் பாடம் உயிரியல் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நானும் அவளும் இயற்பியல் என்று பேசி முடித்திருந்தோம். பழைய புத்தகங்களை வாங்கி நானே மின்சாரம் படித்தவன்; எந்தப் பாடம் சோறு போடும் என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்ப வேலையை உன்னிடம்தான் விட்டிருந்தேன்; தகப்பன் கையெழுத்து வேண்டுமே என்று கேட்டேன். “ஃபார்ம் இன்னும் வரல லா அண்ணே” என்றாய். அதற்கு முந்தைய வாரமே, ரவாங்கில் உன் வீட்டு மேசையில் வைத்து, உயிரியல் என்று எழுதிய அந்த ஃபார்மில் பாதுகாவலர் என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

அவள் சின்னப் பிள்ளை, என்னிடம் சொல்லப் பயந்திருப்பாள். உனக்கு என்ன பயம்?

“பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்குப்பா, வருவீங்களா?” என்று நேற்றுக் கேட்டாள். சித்தப்பாவைக் கூப்பிடு என்றேன். அழுதாள்.

நான் போகமாட்டேன். அவள் பக்கத்தில் நீயே போய் உட்கார்.

அண்ணன்