அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய். பயம்தான் அக்கா. உன் படத்துக்கு முன்னால் தனியாக நின்று பேசிப் பார்த்தேன், பாதியில் நழுவிவிடுகிறேன். நாலு பேர் பார்க்க எழுதினால் நழுவ முடியாது. அதனால்தான் இப்படி எல்லோரும் படிக்கிற கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திய சேதி. கல்லூரிக்குப் புது செட் வந்திருக்கிறது. பதினோரு வெளிநாட்டுப் பிள்ளைகள், ஒரு செமஸ்டர் இங்கே படித்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை ஆனால் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது இன்னமும் என் வேலைதான். போன வாரம் ஆற்காடு போனோம். பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் முன்னால் போட்டோ எடுத்தார்கள். ஒரு பையன் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடாவை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு உள்ளே தள்ளிவிட்டு, வேலூர் வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னான். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நான் எப்போதுமே நல்லதை மட்டும் காட்டுகிறவன். கோட்டை அகழியில் குப்பை மிதந்தால் அந்தப் பக்கமே கூட்டிப் போகமாட்டேன். பாலாற்றுப் பாலத்தில் தண்ணீர் எங்கே என்று கேட்டால், மழைக்காலத்தில் வந்து பாருங்கள் என்பேன். ஆம்பூர் நெருங்கினால் தோல் பதனிடும் ஷெட் வாடை வருவதற்கு முன்பே கண்ணாடியை ஏற்றச் சொல்லி, பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்லிவிடுவேன். நேராகப் பிரியாணிக் கடை வாசலில்தான் கதவு திறக்கும்.

"இன்னாடா, வெள்ளக்காரங்க மூக்கு இன்னா பஞ்சுல செஞ்சதா? நாங்கெல்லாம் இந்த வாடையிலதான சோறு துன்றோம்" என்று நீ கிண்டல் பண்ணுவாய். நானும் சிரிப்பேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கண்ணாடியை ஏற்றச் சொல்வேன்.

போன வருஷத்து செட்டில் கிளாரா என்று ஒரு பெண் இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? கோட்டை பார்த்தாயிற்று, ஏலகிரி பார்த்தாயிற்று, நாங்கள் காலில் போடுகிற ஷூ இந்த ஊரில்தானே தைக்கிறார்கள், அதைக் காட்டுங்கள் என்று பிடிவாதம் பிடித்தவள். எங்கள் அலுவலகம் கேட்டதில் ஆம்பூரில் நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியிலேயே அனுமதி கிடைத்தது. உனக்கு போனில் சொன்னேன். நீ குதித்தாயே!

"நீ இங்கிலீஷ் பேசி நான் நேர்ல கேட்டதே இல்லடா. எங்க டேபிள் பக்கம் கூட்டினு வந்துடு. இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லி வெக்கிறேன், என் தம்பி வர்றான்னு."

உங்கள் கம்பெனியில் வெள்ளைக்காரர் யார் வந்தாலும் அது பையர் விசிட்தான். ஷூ வாங்குகிற கம்பெனி ஆள் வருகிறார் என்றால் காலையிலேயே புது மாஸ்க்கும் புது ஏப்ரனும் கொடுப்பார்கள், அவர் போனதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஏதாவது கேட்டால் 'குட் சார்' என்று சொல்ல வேண்டும். நீதான் எனக்கு இதையெல்லாம் நடித்துக் காட்டியிருக்கிறாய். அன்றைக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள். ஆனால் அவர்களுக்கும் அதே புது மாஸ்க்தான் வெளியே வந்தது.

எல்லா டேபிளிலும் 'குட் மேடம்' என்றார்கள். நானும் வேலை மிச்சம் என்று நடந்தேன். உன் டேபிளுக்கு வந்தபோது கிளாரா போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, இந்த வேலையில் எதையாவது மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். நீ 'குட்' சொல்லவில்லை. பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கிறார், நீ அவரைப் பார்க்கவே இல்லை. என்னை மட்டும் பார்த்தாய்.

"இந்தப் பசை தடவுற டேபிள்ல ஒம்போது வருஷமா நிக்கிறேன். வூட்டுக்குப் போயி குளிச்சாலும் வாடை போவல. மாத்திரை போடாம தலைவலி நிக்கல. தையல் செக்ஷனுக்கு மாத்துங்கன்னு மூணு தடவ கேட்டுட்டேன். நீ இந்தப் பொண்ணாண்ட சொல்லு பாபு. இவங்க எதிர்க்க சொன்னா மாத்துவாங்க."

அவ்வளவுதான் நீ கேட்டது. ஒரு டேபிள் மாற்றம். வேறு யார் மொழிபெயர்க்க வந்திருந்தாலும் நீ வாயே திறந்திருக்க மாட்டாய். நடுவில் நிற்பது என் தம்பி, நான் சொல்வதை அவன் சொல்வான் என்று நம்பித்தான் சூப்பர்வைசர் காதுபடச் சொன்னாய்.

நான் இங்கிலீஷில் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலை நன்றாக இருக்கிறது, கம்பெனி நன்றாகக் கவனித்துக்கொள்கிறது, இங்கே நிறைய தோழிகள் இருக்கிறார்கள், மிகவும் ஹேப்பியாக இருக்கிறேன் என்கிறார்." மூச்சு விடாமல் சொன்னேன் அக்கா. யோசித்துக்கூடச் சொல்லவில்லை. கம்பெனி கோபித்துக்கொண்டால் கல்லூரிக்குப் புகார் போகும், என் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை, இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் வாய்க்குத் தெரிந்திருந்தது. என் இங்கிலீஷை நீ முதல் தடவையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

'ஹேப்பி' உனக்குத் தெரிந்த வார்த்தை. உன் முகம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம் குனிந்து பசை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாய். நான் அடுத்த டேபிளுக்குப் பிள்ளைகளை நகர்த்திக்கொண்டு போய்விட்டேன். வாசலில் சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா சமாளிச்சீங்க சார்" என்றார். நான் 'தேங்க்ஸ்' என்றேன். வெட்கம் கெட்டவன், தேங்க்ஸ் சொன்னேன்!

சாயங்காலம் நீ போன் பண்ணினாய். திட்டு விழும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "பசங்க பிரியாணி நல்லா சாப்ட்டாங்களா? காரம் ஜாஸ்தியா இருந்திருக்குமே" என்று கேட்டாய். இருந்துச்சு, தண்ணி குடிச்சினே சாப்ட்டாங்க என்றேன். அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டேபிளும் மாறவில்லை.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். அந்தப் பசைக்கும் இதற்கும் ஏதாவது உண்டா என்று டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இதயம்தான் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா செத்துக் கிடக்கிறாள், தம்பிக்கு நிம்மதி! அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ போன சேதியை கிளாராவுக்கு எழுதியிருந்தேன். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றிப் பேசியதாகவும், வீடியோவில் உன் முகம் வரும் பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதாகவும் பதில் போட்டாள். நீ பேசுகிறாய், கீழே எழுத்து ஓடுகிறது, 'நான் இங்கே மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன்' என்று. இன்னொரு ஊரில் பிள்ளைகள் எல்லாம் உன்னை அப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். முழு வீடியோவும் குடும்பத்துக்கு வேண்டுமே என்று அதையும் அனுப்பியிருந்தாள்.

மூன்று வாரம் அதைத் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்தேன். நீ பேசுகிறாய். நான் பொய் சொல்கிறேன். அங்கேயே நிறுத்தியிருப்பேன், கை வரவில்லை. நான் நகர்ந்து போன பிறகும் கிளாராவின் போன் உன் மேலேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மேரி அக்கா, "இன்னாடி, உன் தம்பி அதைச் சொல்லவே இல்ல போல?" என்று கேட்கிறார். நீ தலையைத் தூக்காமல் பசை தடவிக்கொண்டே சொல்கிறாய்:

"பாவம், பயந்துட்டான். அவனும் வேலைக்குப் போறவன்தான. நான் அவனைப் போய் கேட்டிருக்கக் கூடாது."

கேட்டிருக்கக் கூடாதா? உன் தம்பியிடம் ஒரு வாக்கியம் கேட்டது உன் தப்பா? அன்றைக்குச் சாயங்காலம் போனில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா. காரத்தை விசாரித்தாயே!

வீடியோ பார்த்த அன்றைக்கே கிளாராவுக்கு எழுதிவிட்டேன். நான் மொழிபெயர்த்தது பொய் என்றும், நீ சொன்னது இதுதான் என்றும் வரிக்கு வரி எழுதி, அந்தப் பிள்ளைகளிடம் மறுபடி சொல்லச் சொன்னேன்.  பதில் இன்னும் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை புது செட்டோடு உன் கம்பெனிக்குப் போகிறேன். உன் இடத்தில் இப்போது மேரி அக்கா நிற்கிறார். நேற்று அவரைப் பார்த்து, யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று விசாரித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் சொல்றது இருக்கட்டும் தம்பி, நீ இன்னா சொல்லுவ?" என்றார். 

நீ சொன்னது சரி, நான் பயந்தவன்தான். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனாலும் போகும். ஆனாலும் மேரி அக்கா என்ன சொல்கிறாரோ, அதை ஒரு வார்த்தை குறையாமல், அந்த சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். இது உன்மேல் சத்தியம். நீ என்னிடம் கேட்டது தப்பில்லை அக்கா, கேட்டது சரிதான்.

நீ நம்பி நடுவில் நிறுத்திய
உன் கூடப்பிறந்தவன்,
பாபு